வியாழக்கிழமை வகுப்பின் கங்காணி

குனோங் ராபாட், ஈப்போ
7 பிப்ரவரி 2025

பெர்னடெட்டுக்கு,

வியாழக்கிழமை வகுப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டு, வகுப்பே நின்றுவிட்டது என்று என்னிடம் பொய் சொன்னாய். நீ எனக்குச் செய்த அநியாயம் இது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. போன வருடம், ஜப்பானில் நீ நடத்தும் ஆங்கில வகுப்புகளுக்காக நீதான் கேட்டாய். "அண்ணே, இங்க ஹமமாட்சுல ஒரு கம்பெனி, தண்ணி பம்புக்கு ரப்பர் வளையம் செய்யிறாங்க. நம்ம சிம்பாங் பூலாய்லகூட அவங்க ஃபேக்டரி இருக்கு. ஆளுங்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கணும். நீங்க வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல செய்யலாம்லா" என்றாய். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன் என்றேன். எனக்கு ஆங்கிலம் யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. ஆயர் தாவார் தோட்டத்தில் பூச்சிமருந்து டின்களிலிருந்தும் துரை ஒட்டிய நோட்டீஸ்களிலிருந்தும் நானே பிடுங்கிக்கொண்டது. அதை வைத்துத்தான் தொழிற்சங்கத்துக்காக மனு எழுதினேன். "அந்த இங்கிலீஷ்தாண்ணே வேணும்" என்றாய்.

அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் பேசுவதுபோல் பேசினார்கள். பிரிவுத் தலைவர் குவாத்தா, ஆங்கிலப் பரீட்சையில் கம்பெனியிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவராம். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு இரண்டு முறை தேநீர் ஆறிவிடும். அதனால் தோட்டத்துப் பெரட்டு முறையைக் கொண்டுவந்தேன். விடியலில் களத்தில் நின்று பெயர் கொடுத்தால்தானே அன்றைக்கு வேலை? அதுபோல ஒவ்வொருவரும் எழுந்து நின்று, பெயரையும் இன்று செய்யப்போகும் வேலையையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாள் எல்லோரும் ஊமையாக நிற்கும்போது பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் சேவல் கூவியது. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஹிரோசே அம்மாள், "இந்த வகுப்புல வாயத் திறக்கிறது அந்தச் சேவல் ஒண்ணுதான்" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். விசாரித்தால், மணிலாவில் ஓட்டல் வரவேற்பில் பல வருடம் வேலை பார்த்தவர். அடுத்த வாரமே அவரை வகுப்புக்குக் கங்காணி ஆக்கினேன். அவர் பெயர் கூப்பிடுவார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். குவாத்தாவின் பதில் கேட்கவில்லை. "மறுபடி கூப்பிடுங்கள்" என்றேன். திரும்பவும் கேட்கவில்லை. திரும்பவும் கூப்பிடச் சொன்னேன். இதில் என்ன தப்பு?

நேற்று வியாழக்கிழமை. பழக்கத்தில் கை அந்த இணைப்பைத் திறந்துவிட்டது. என் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் சிவப்புத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். "ஐயா, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று என் வகுப்பில் என்னிடமே கேட்டார்.

என்னைத் தொலைபேசியில் கூப்பிடாதே. பதில் எழுத்தில் வர வேண்டும்.

உன் அண்ணன்,
பெரியநாயகம்

மருமகள் ஐவி உனக்கு மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருந்தாள். அனுப்பச் சொல்லிவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

*

ஹமமாட்சு
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மிளகாய்த்தூள் முதலில் வந்தது, கடிதம் மறுநாள் வந்தது. நல்லவேளை, அதற்குள் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டேன்.

பொய் சொன்னது என் தப்பு. உங்களிடம் நேரே சொல்லப் பயம். அறுபது வயதிலும் பயம்தான். கம்பெனியில் யாரும் "வெள்ளைக்காரர் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே அப்படிச் சொல்லமாட்டார்கள். "வேறு உச்சரிப்பும் பழகினால் நல்லது அல்லவா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இந்தக் கம்பெனி போனால் என் வகுப்பில் பாதி போய்விடும், அண்ணே.

குவாத்தா கெட்டவர் இல்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே படித்து அந்த மதிப்பெண்ணை எடுத்தவர். அது இல்லாமல் இங்கே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. அது காகிதத்தில் இருந்தால் போதும், பேசிக் காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் நீங்கள். அதுவும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியரை விட்டு, எல்லோர் முன்னாலும், மூன்று முறை.

ஹிரோசேக்கு மரியாதை செய்ததாக நினைக்கிறீர்கள். போன வாரம் வகுப்பு முடிந்ததும் என்னை வாசலில் மடக்கினார்.

"உங்க அண்ணன்கிட்ட நான் கேட்டேனா? ஆபீஸ்ல எனக்கு இங்கிலீஷ் வரும்கிறத பல்வலி மாதிரி மறைச்சு வச்சிருந்தேன்."

"எதுக்கு மறைக்கணும்?"

"தெரிஞ்சா என்ன ஆகும்? இப்ப ஆயிடுச்சு பாருங்க. எல்லார் மெயிலும் என் மேசைக்கு வருது. 'ஹிரோசே, ஒரு நிமிஷம்', 'ஹிரோசே, இத மட்டும்'. அவங்களுக்கு இங்கிலீஷ் இருந்தா பதவி. எனக்கு இருந்தா எடுபிடி வேலை. சம்பளம் பழைய சம்பளம்தான்!"

நான் தமிழில் எழுதுவதால் அவர் நம் ஊர்ப் பெண் மாதிரிப் பேசுகிறார். ஜப்பானிய மொழியில் இதைவிடக் காரம்.

இன்னொன்றும் கேட்கிறேன். தோட்டத்தில் விரட்டி வேலை வாங்கிய கங்காணியை நம் அப்பா திட்டாத நாள் உண்டா? சங்கத்துக்காரர் நீங்கள் போய் ஒருத்தியைக் கங்காணி ஆக்கியிருக்கிறீர்களே!

கடைசியாக, கோபிக்க வேண்டாம். நான் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை. உங்கள் மகன் கீத்திடம் சொல்லி அந்த வலது காதை டாக்டரிடம் காட்டுங்கள். தொலைபேசி வேண்டாம், எழுத்துதான் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிப்பது ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
பெர்னடெட்

*

குனோங் ராபாட்
3 மார்ச் 2025

பெர்னடெட்டுக்கு,

என் காதுக்கு ஒன்றும் இல்லை.

கங்காணி என்ற சொல் பொருந்தவில்லை என்றால் வேறு நல்ல சொல் எழுதி அனுப்பு, மாற்றிக்கொள்கிறேன். செய்ததை மாற்றமாட்டேன். தெரிந்ததை மறைத்துக்கொண்டு ஒரு மனுஷி அத்தனை வருடம் வாய்மூடி உட்கார்ந்திருந்தார் என்றால், தப்பு மூடியைத் திறந்தவன்மேலா?

ஆனால் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்று எழுதினாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. நம் தோட்டத்து நல்லம்மாளை நினைத்துப் பார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே லயத்து வீடுகளில் எல்லாப் பிரசவமும் பார்த்தார். "அவளா ஆசைப்பட்டுச் செய்யிறா" என்றான் துரை. நாங்கள் கூலியைக் கேட்கவில்லை. அந்த வேலைக்கு முதலில் ஒரு பெயர் வை என்று கேட்டோம். பெயர் வைத்த பிறகு கூலி கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. பெயர் இல்லாத வேலைக்கு எந்த ஊரிலும் கூலி கிடையாது.

ஆகவே அந்தக் கம்பெனிக்கு ஒரு மனு எழுதி அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில்தான், பிரிவுத் தலைவர் பார்வைக்கு. ஹிரோசே செய்வது மொழிபெயர்ப்பாளர் வேலை, அதற்குப் பெயர் வையுங்கள், கூலி கொடுங்கள் என்று நியாயத்தை விளக்கியிருக்கிறேன். உன்னை முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பாய்.

தவக்காலம் தொடங்குகிறது. நீ கருவாடு இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய்?

அண்ணன்,
பெரியநாயகம்

*

ஹமமாட்சு
24 மார்ச் 2025

அண்ணனுக்கு,

உங்கள் மனு வந்து சேர்ந்தது. என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இங்கே வெளியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அது மேசை மேசையாகச் சுற்றும். பார்த்தவர் ஒவ்வொருவரும் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். குவாத்தா படித்தார், வெளிறிப்போனார். ஆனாலும் வழக்கத்தை மீறத் தெரியாமல் முத்திரை குத்தித் தள்ளிவிட்டார். அடுத்தவர்களில் பலருக்கு உங்கள் ஆங்கிலம் விளங்கவில்லை. விளங்காதவர்கள் எல்லோரும் யாரிடம் கொண்டுபோனார்கள் தெரியுமா? ஹிரோசேயிடம்! "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு நிமிஷம் சொல்லேன்" என்று. தன் கூலிக்காக எழுதிய மனுவை அவரே உட்கார்ந்து, கூலி இல்லாமல், மொழிபெயர்த்திருக்கிறார்.

நான் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் மீதியைச் சொன்னார். மார்ச் முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். எப்போதும் தானாகவே நடக்கும். இந்த முறை, "வெளியாட்களை உள்ளே இழுக்கிறவர்" என்று யாரோ சொல்லி, புதுப்பிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வயதான தாயோடு இருக்கிறார். இந்த வயதில் புது இடத்தில் எடுக்கமாட்டார்கள்.

என் வீட்டில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே திட்டினார்.

"உங்க அண்ணனுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"அவரு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"நல்லது செய்யிறதுக்கு முன்னால கேக்கணும்! ஊறுகாய் இருக்கா?"

ஏப்ரல் முதல் தேதி குவாத்தாவைச் சிம்பாங் பூலாய் தொழிற்சாலைக்கு மேலாளராக அனுப்புகிறார்கள். அந்த மதிப்பெண்ணுக்காகத்தான். மனிதர் தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறார். நீங்கள் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தொழிற்சாலை வாசலில் போய் நிற்காதீர்கள். இனி ஒன்றும் எழுதவும் வேண்டாம், ஒன்றும் செய்யவும் வேண்டாம்.

பெர்னடெட்

*

குனோங் ராபாட்
8 ஏப்ரல் 2025

பெர்னடெட்டுக்கு,

நான் வாசலில் போய் நிற்கவில்லை. குவாத்தாவே என் வாசலில் வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. வாடகைக் காரில் வந்து இறங்கினார், கையில் விலாங்கு மீன் படம் போட்ட பிஸ்கட் பெட்டி. இடுப்பு வரை குனிந்தார். ஐவி பயந்துபோய் அவளும் குனிந்தாள். உட்கார வைத்து நண்டுக் கறி போட்டோம். வியர்த்து ஊற்றியது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

அவரிடம் நான் பேசியது ஆங்கிலத்தில்தான். எழுதுவது நம் பேச்சில்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றேன்.

"காலையில ஹிரோசேயக் கூப்பிடுறேன்."

"எங்க?"

"ஜப்பானுக்கு. போனை மேசை நடுவுல வச்சிடுறேன். இங்க மெக்கானிக் தர்மா ஒரு இங்கிலீஷ் பேசுறாரு, சூப்பர்வைசரு ஒரு இங்கிலீஷ் பேசுறாரு, வங்காளதேசத்து ஆளுங்க ஒரு இங்கிலீஷ். எனக்குப் பரீட்சையில வந்தது வேற இங்கிலீஷ். ஹிரோசேக்கு எல்லாமே புரியுது."

"அவங்க வேலையத்தான் எடுத்துட்டீங்களே. இப்ப யாரு சம்பளம் கொடுக்கிறா?"

தட்டைப் பார்த்தார். "உதவியாத்தான் செய்யிறாங்க. ரொம்ப நல்லவங்க" என்றார்.

நல்லம்மாளைப் பற்றித் துரை சொன்ன அதே பேச்சு. எனக்குக் கோபம் வரவேண்டியது, வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நண்டின் காரமாகவும் இருக்கலாம்.

"நாளைக்கு அவங்க போனை எடுக்கலன்னா?" என்றேன்.

"என்னால ஃபேக்டரிய நடத்த முடியாது."

"இப்ப எங்கிட்ட சொன்னீங்க பாருங்க, அதையே உங்க தலைமை ஆபீசுக்கு எழுதுங்க."

நண்டு ஓடுகளைத் தட்டின் ஓரமாக அடுக்கினார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. ரயிலில் நின்றுகொண்டே படித்து வாங்கிய மதிப்பெண் உதவவில்லை என்று அவரே கையெழுத்துப் போட வேண்டும். சின்ன விஷயம் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. ஹிரோசேயிடம் போய்ச் சொல். தொலைபேசியை எடுக்கக் கூடாது. குவாத்தா கூப்பிட்டாலும் கம்பெனி முதலாளியே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. முதலில் கேட்க வேண்டும் என்றாரே, அதனால் இந்த முறை கேட்கிறேன் என்று சொல். சம்மதம் என்றால் மட்டும் செய்யட்டும்.

என் கடிதத்தால் அவர் வேலை போயிற்று என்றால், போன வேலை திரும்பும் வரை நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

அண்ணன்,
பெரியநாயகம்

*

ஹமமாட்சு
25 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அவசரம் என்பதால் இதைப் படமெடுத்துக் கீத்தின் கைப்பேசிக்கு அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை ஹிரோசேக்குப் படித்துக் காட்டினேன். "எடுக்கலன்னா அந்த மனுஷன் அங்க தொலைஞ்சுபோன பிள்ளை மாதிரி உக்காந்திருப்பாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உண்மையிலயே சம்மதமான்னு கேட்டாரா?" என்றார். கேட்டார் என்றேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் காலை அவர் வீட்டில் இருந்தேன். தொலைபேசி அடித்தது. அதை அப்படியே தூக்கி அரிசி டின்னுக்குள் வைத்து மூடினார். உள்ளிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம். சிந்தியது நான்தான், அவர் இல்லை. அடுத்த நாளும் அடித்தது. அதற்கடுத்த நாள் அடிக்கவில்லை.

குவாத்தா எழுதிவிட்டார், அண்ணே. "என் மதிப்பெண்ணை வைத்து இந்தத் தொழிற்சாலையை நடத்த முடியவில்லை. இதுவரை நடத்தியது ஹிரோசே" என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார். அந்தக் காகிதமும் மேசை மேசையாகச் சுற்றியிருக்கிறது. அது ஜப்பானிய மொழியில் இருந்ததால் விளங்கவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை.

நேற்று கம்பெனியிலிருந்து ஹிரோசேயைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிம்பாங் பூலாய்க்குப் போகச் சம்மதமா, என்ன வேண்டும் என்று மே மாத விடுமுறை முடிவதற்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தருவோம் என்று சொல்லவில்லை, பார்ப்போம் என்றுதான். அவர் என் முன்னால் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கம் இல்லையாம். "உங்க அண்ணனையே எழுதச் சொல்லுங்க, அவருக்குத்தான் மனு எழுதிப் பழக்கம்" என்கிறார்.

உங்கள் வகுப்பைப் பற்றிக் கம்பெனியிடம் இன்னும் பேசவில்லை. தைரியம் வரவில்லை.

அன்புடன்,
பெர்னடெட்

*

குனோங் ராபாட்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் எழுதமாட்டேன். ஹிரோசேதான் எழுத வேண்டும். அவருடைய மொழியில், அவருடைய கையால். போன முறை நான் எழுதினேன், அவர் அதை மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் எழுதட்டும், அவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதல் வரியில் வேலையின் பெயரை எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் என்றோ அவருக்குப் பிடித்த வேறு சொல்லோ, ஆனால் "உதவி" என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் வரக் கூடாது. சம்பளம் அதற்குப் பிறகு. அதற்கும் பிறகு, நிரந்தர வேலை வேண்டும், வருடா வருடம் மார்ச்சில் அவர் பயந்துகொண்டிருக்க முடியாது என்று எழுத வேண்டும். தாயை என்ன செய்வது என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடன் அழைத்து வருவதென்றால் அந்தச் செலவு கம்பெனியுடையது. பதில் கையில் வரும்வரை தொலைபேசி அரிசி டின்னிலேயே இருக்கட்டும். மறுத்துவிட்டால்? மறுத்தாலும் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

குவாத்தா செய்ய வேண்டியதை அவரிடமே சொல்லிவிட்டேன். ஹிரோசே வந்தாலும் வராவிட்டாலும், தினம் காலையில் தொழிலாளிகள் முன்னால் அவரே நின்று, தப்பும் தவறுமாகவாவது பேச வேண்டும். நேற்றுக்கூடச் சாப்பிட வந்திருந்தார். தர்மா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். "தர்மா, நாளைக்கி மெஷின் ரெண்டு, க்ளீன் பண்ணணும், சரியா?" என்று தமிழில் கேட்டார். தர்மா சிரித்த சிரிப்பில் ஐவி கையிலிருந்த கரண்டி விழுந்தது. குவாத்தா அப்படி எழுதி அனுப்பியதை நான் மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். இது ஐவியின் பொறுப்பு.

கம்பெனி செய்ய வேண்டியது, ஹிரோசேயின் தாளையும் மேசை மேசையாகச் சுற்றவிட்டு, எல்லோரும் படித்து, தெரிந்தே முத்திரை குத்துவது.

கீத் என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக நாள் வாங்கியிருக்கிறான். அது இந்தப் பட்டியலில் சேராது.

நீ செய்ய வேண்டியவை இரண்டு. கம்பெனிக்குப் போய், வியாழக்கிழமை வகுப்பை முன்பு நடத்தியவர் பேராக்கைச் சேர்ந்த பெரியநாயகம், அவர் என் அண்ணன், அவருடைய ஆங்கிலத்தில்தான் உங்கள் தொழிற்சாலை பேசுகிறது என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு சொல்லாதே. அதன்பிறகு அவர்கள் என்னை வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். நீ சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும். சிவப்புத் தாடிக்காரரை அனுப்பிவிடாதே. அவரும் கூலிக்கு வந்தவர்தான். வேறு கிழமை கொடு.

இரண்டாவது. ஹிரோசே வருவதானால் அவரைத் தனியாக விமானம் ஏற்றக் கூடாது. நீ கூட வர வேண்டும். அண்ணி இறந்தபோது வந்தவள், அதன்பிறகு திரையில்தான் உன்னைப் பார்க்கிறேன், அதில் பாதி எனக்குக் கேட்பதில்லை. முன்னறையை ஒழித்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஹிரோசே வராமல் போனாலும் நீ வர வேண்டும். மற்ற வேலைக்கெல்லாம் ஆள் மாற்றிப் போடலாம். இதை நீதான் செய்ய வேண்டும், இதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் அண்ணன்,
பெரியநாயகம்